மூன்றாவது டிஸ்க் வந்தாச்சா?

காலையில் சுவிட்சைப் போட்டதும் கம்ப்யூட்டர் தன் டிஸ்க்குகள் எல்லாம் வந்துவிட்டனவா என்றுதான் முதலில் பார்க்கும். ஒன்று வராவிட்டாலும் வேலையைத் தொடங்காது. எண்பதுகளின் கடைசியில் அந்த மெஷின்களுக்கு சர்வீஸ் பார்த்தவர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும். எனக்கு வாய்த்தது மொரப்பூர் பக்கம் ஒரு சர்க்கரை ஆலை. யாருடைய கரும்பை என்றைக்கு வெட்டுவது என்ற விவரமெல்லாம் அங்கே மூன்று டிஸ்க்குகளில் பிரிந்து கிடந்தது. மூன்றும் இருந்தால்தான் வெட்டு உத்தரவு அச்சாகும்.

பூட்டிய கேட்

ஒருநாள் மூன்றாவது டிஸ்க்கைக் காணோம் என்று திரையில் வந்தது. ஆபரேட்டர் ஆரோக்கியம் அதை அப்படியே மேனேஜருக்குப் போனில் சொல்லிவிட்டார். நான் தருமபுரியிலிருந்து பஸ் பிடித்துப் போய் இறங்கினால், ஆலை கேட் பூட்டிக் கிடக்கிறது. ஷிப்ட் முடிந்தவர்கள் வரிசையில் நிற்க, வாட்ச்மேன் டிபன் கேரியர்களைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே மூன்றாவது டிஸ்க் தன் பெட்டியில் பத்திரமாக இருந்தது. அதன் பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு வேறு ஒயரைச் சொருகியிருந்தார்கள். அந்த ஒயர் சுவரோரமாகவே போய் மேனேஜர் அறை டேபிள் ஃபேனில் முடிந்தது. நான் பிளக்கை மாற்றியதும் மெஷின் கிளம்பியது. மேனேஜர் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "காணோம்னா தேடாம என்னங்க பண்றது? அது கெடக்கட்டும், என் ஃபேன் நின்னுபோச்சு, அதையும் கொஞ்சம் பாருங்க."

மாப்பிள்ளையின் கோட்டுப் பை

மூன்றாவது டிஸ்க் கழற்றி எடுக்கிற வகை. ஆரோக்கியம் பயந்துபோய் அதைத் தினமும் பீரோவில் வைத்துப் பூட்ட ஆரம்பித்தார். அவருடைய கல்யாணத்தன்று சாவியும் அவரோடு போய்விட்டது. வெட்டு ஆட்களைக் கூட்டிவைத்துவிட்டு விவசாயிகள் உத்தரவுக்காக ஆலை வாசலில் நின்றார்கள். நான் ஆலை ஜீப்பில் காரிமங்கலம் பக்கத்துச் சர்ச்சுக்கு ஓடினேன்.

பூசை முடிந்து மணமக்கள் படியிறங்கினார்கள். நான் காதில் சொன்னதும் மாப்பிள்ளை கோட்டுப் பையிலிருந்து சாவியை எடுத்தார். "கல்யாண வூட்டுல நாலு பேர் வருவாங்க போவாங்க, அதான் கையோட கொண்டாந்தேன் சார்" என்றவர், தானும் ஜீப்பை நோக்கி நடந்தார். மணப்பெண் பிலோமினா அவர் கோட்டைப் பிடித்து நிறுத்தி, சாவியை வாங்கி என்னிடம் நீட்டினார்: "சாவி குடுத்தாச்சில்லீங்க சார், இனிமே ஆளைக் கேட்டு வராதீங்க."

ஜோடியில் ஒன்று

அதற்கப்புறம் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு ஜோடி போட்டு, எல்லா விவரத்தையும் அதிலும் அப்படியே எழுதிவைக்க ஏற்பாடு செய்தோம். அடுத்த கோடையில் ஒரு டிஸ்க் நிஜமாகவே செத்துப்போனது. அதன் ஜோடி நன்றாக இருந்தும் மெஷின் கிளம்ப மறுத்தது. பென்னாகரத்து விவசாயி மாதப்பன் காலையிலிருந்தே கம்ப்யூட்டர் அறை ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார். கிணறு வற்றி அவர் கரும்பு காய்ந்துகொண்டிருந்தது. இன்னும் தாமதித்தால் அடுப்பெரிக்கத்தான் ஆகும்.

இல்லாததை விட்டுவிட்டு இருப்பதை வைத்துக் கிளம்பு என்று மெஷினுக்குக் கட்டளை உண்டு. மிஞ்சியதும் போனால் மொத்த ஆலைக்கும் ஒன்றும் மிஞ்சாது என்பதால் அதுவரை தள்ளிப்போட்டிருந்தேன். கடைசியில் கட்டளையைக் கொடுத்தேன், கிளம்பிவிட்டது. முதல் வேலையாக எல்லாவற்றையும் டேப்பில் நகல் எடுத்தோம். அப்புறம்தான் உத்தரவு அச்சானது. ஆரோக்கியமும் நானும் கைகொடுத்துச் சிரித்துக்கொண்டோம். மாதப்பன் உத்தரவில் தன் பேரைத் தடவிப் பார்த்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: "ஒண்ணு இல்லீன்னா இன்னொண்ணுல ஓடும்னா, காலையிலயே ஓட்டியிருக்கலாமில்லீங்க?"

ரயிலில் வந்த பார்சல்

செத்ததற்குப் பதில் புது டிஸ்க் மொரப்பூர் ஸ்டேஷனுக்கு வந்தது. குலுக்காமல் எடுத்துப் போக வேண்டும் என்று நானும் ஆரோக்கியமும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். பெட்டி மேல் 'டிஸ்க்' என்று எழுதியிருந்ததைப் படித்த பார்சல் கிளார்க் கூடவே ஜீப் வரைக்கும் நடந்து வந்தார். ரொம்ப நேரம் அடக்கிவைத்திருந்ததை ஜீப் கிளம்பும்போதுதான் கேட்டார்: "இத்தன பெரிய தட்டுல எத்தன பாட்டுங்க புடிக்கும்?"

இப்படியாக, மெஷினைச் சமாதானப்படுத்துவதிலும் அதற்காகக் காத்திருந்த மனிதர்களைச் சமாதானப்படுத்துவதிலும் என் இளமை போனது. இரண்டில் மெஷின்தான் எப்போதும் சீக்கிரம் சமாதானமானது.