ஆறாவது ஆள்

"இரத்தக் குழாயில் அடைப்பு இருக்கிறது. கொழும்பில் வார்ட்டில் படுக்க வேண்டும்" என்று இதய டொக்டர் சொன்னபோது நான் கேட்ட முதல் கேள்வி இது: "மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் வீட்டுக்குப் போய் வரலாமா, டொக்டர்?"

அவர் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பார்வை வயிற்றில் கொஞ்ச நேரம் தங்கியது. இந்த மனிதனுக்கு அடைப்பு வந்ததில் என்ன ஆச்சரியம் என்று நினைத்திருப்பார். பிறகு உப்பு, எண்ணெய், மாட்டிறைச்சி மூன்றையும் பற்றி அரை மணி நேரம் விளக்கினார். நான் புத்தளத்துக்காரன். ஜன்னலைத் திறந்தால் உப்பளக் காற்று. மூச்சு விட்டாலே உப்பு ஏறும் ஊரில் இருப்பவனிடம் உப்பைக் குறை என்றால்... சரி, தலையாட்டி வைத்தேன்.

ஆனால் நான் கேட்டது என் சாப்பாட்டைப் பற்றி அல்ல. மகளின் சாப்பாட்டைப் பற்றி.

ஹனாவை இந்தப் பத்திரிகைப் பத்தியின் பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதியவர்களுக்கு — ஐந்து வயது, ஓட்டிசம், கதைப்பது குறைவு, சட்டம் அதிகம். எங்கள் வீட்டில் அரசியலமைப்பு என்று ஒன்று இருந்தால் அதை எழுதியவள் அவள்தான். திருத்தம் கொண்டுவர முடியாது. மூன்றில் இரண்டு பெரும்பான்மை இருந்தாலும்.

சாப்பாட்டுச் சட்டம் இப்படி. மூன்று அறை உள்ள நீலத் தட்டு. ஓர் அறையில் வெள்ளைச் சோறு, இன்னோர் அறையில் முட்டை. இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. மூன்றாவது அறை காலியாக இருக்க வேண்டும். ஏன் என்று என்னிடம் கேட்காதீர்கள். நான் கேட்டுப் பார்த்துவிட்டேன். இவை எல்லாவற்றுக்கும் மேலே, பக்கத்தில் வாப்பா இருக்க வேண்டும்.

குளிக்க உம்மா, உறங்க உம்மா, காய்ச்சல் வந்தாலும் உம்மா. சாப்பாட்டு இலாகா மட்டும் என்னுடையது. ஒருமுறை நான் குருநாகலில் மாட்டிக்கொண்டபோது, மனைவி ரிஸ்னா அதே தட்டில், அதே சோற்றை, அதே முட்டையை வைத்துப் பார்த்தாள். ஹனா தட்டைப் பார்த்தபடி இருந்தாள். நான் பஸ் பிடித்து வந்து சேரும்வரை ஒரு பருக்கை உள்ளே போகவில்லை. "பெத்தது நான் எண்டு எனக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்குது போல" என்றாள் ரிஸ்னா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண் சிரிக்கவில்லை.

ஆகவே டொக்டர் அடைப்பு என்றதும் எனக்கு நெஞ்சு ஞாபகம் வரவில்லை. நீலத் தட்டுத்தான் ஞாபகம் வந்தது. வார்ட்டில் படுத்துவிட்டால் இவள் என்ன செய்வாள்? நல்லபடியாகத் திரும்பி வந்தால் சரி. வராவிட்டால்? அந்தக் கேள்வியை நானும் ரிஸ்னாவும் ஒருவரிடமிருந்து ஒருவர் ஒளித்து வைத்துக்கொண்டு நடமாடினோம். சின்ன வீடு. ஒளித்து வைக்க அதிகம் இடமில்லை.

இந்த நிலையில்தான் தில்லையடியில் ஒரு கலியாண வீடு. தவிர்க்க முடியாத அழைப்பு. முகத்தைக் காட்டிவிட்டு வந்துவிடுவோம் என்று புறப்பட்டோம். ரிஸ்னா பெண்கள் பக்கம் போனாள். ஹனா என் சேட்டு நுனியை விடவில்லை. திரும்பிப் பார்த்தால் நீலத் தட்டு இருந்த பையைக் காணோம். நாங்கள் வந்து இறங்கிய ஓட்டோவிலேயே அது பாலாவிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

ஓடிவிடலாம் என்று வாசல் பக்கம் திரும்பினேன். அதற்குள் பிடித்துவிட்டார்கள்.

எங்கள் கலியாண வீடுகளில் சஹன் சாப்பாடு. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பாயில் ஒரு பெரிய வட்டத் தட்டு, அதில் நெய்ச்சோறு, நடுவில் கோழியும் இறைச்சியும். ஆறு பேர் சுற்றி இருந்து அதிலேயே உண்ண வேண்டும். ஆறு பேர் சேராமல் சோறு வராது. ஒரு வட்டத்தில் நாலு பேர் பசியோடு காத்திருந்தார்கள். "வாங்க நானா, புள்ளயையும் இருத்துங்க, சரியா ஆறு" என்று பந்தி விசாரித்தவர் அண்ணன் முறை சொல்லி என் தோளை அழுத்தினார். ஐந்து வயதுப் பிள்ளை முழு ஆளாகக் கணக்கில் சேர்ந்த சந்தோஷத்தை அனுபவிக்க எனக்கு நேரமில்லை. அவள் கத்தத் தொடங்கினால் தூக்கிக்கொண்டு ஓட எந்தப் பக்கம் வழி என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அடைத்த குழாயோடு எவ்வளவு தூரம் ஓடலாம் என்பது வேறு கேள்வி.

சஹன் வந்தது. எல்லாம் எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு கிடந்தது. அவளுடைய உலகத்தில் இதைவிடப் பெரிய அக்கிரமம் இல்லை.

ஹனா குனிந்து பார்த்தாள். பிறகு விரலால் சோற்றில் ஒரு கோடு கிழித்தாள். இன்னொரு கோடு. தன் முன்னால் ஒரு முக்கோணம். அதிலிருந்த கஜுப் பருப்பையும் திராட்சை வற்றலையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எல்லைக்கு அப்பால், பக்கத்திலிருந்த ஹாஜியாரின் பங்கில் வைத்தாள். ஹாஜியார் உப்பு முதலாளி. ஊரில் பெரிய மனிதர், பந்தியில் நீண்ட கை. வந்ததையெல்லாம் அவர் வாயில் போட்டுக்கொண்டார். பிறகு ஒரு கோழித் துண்டுக்காக அவர் கை இவள் எல்லைக்கு மேலாக நீண்டது.

பட்டென்று தட்டிவிட்டாள்.

நான் அவசரமாக, பிள்ளைக்கு ஓட்டிசம், வேண்டுமென்று செய்யவில்லை என்று இழுத்தேன். ஹாஜியார் கையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"அது என்ன சுகவீனமோ எனக்குத் தெரியா தம்பி" என்றார். "ஆனா புள்ள செஞ்சது சரி. அவனவன் தன்ட முன்னுக்கு இருக்கிறதைத்தான் திங்கோணும். எங்கட உம்மா சொல்லித் தந்தது, நான்தான் மறந்துட்டன்."

அதற்குப் பிறகு ஒருவரும் ஒன்றும் பேசி முடிவெடுக்கவில்லை. ஆனால் கறிக் கிண்ணம் அவள் பக்கம் வராமல் சுற்றியது. அவள் கோட்டுக்கு அருகே ஒருவர் கையும் போகவில்லை. அவள் தன் முக்கோணத்தின் மூலையில் சோற்றை ஒதுக்கி, தட்டுத் தெரிய ஒரு சின்ன வெற்றிடம் செய்தாள். மூன்றாவது அறை.

பிறகு சாப்பிட்டாள். நீலத் தட்டு இல்லாமல். நான் பக்கத்தில் இருக்கிறேனா என்று ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல். நெய்ச்சோற்று விருந்தில் நான் சாப்பிட மறந்தது சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை.

நான் கொழும்புக்குப் போன அன்று ரிஸ்னா வீட்டில் ஒரு சஹனை வைத்து, அவளும் மகளும் தனியாக இருந்து பார்த்தார்கள். ஹனா கோடு கிழிக்கவில்லை. காலியாகக் கிடந்த இடங்களைப் பார்த்தபடி கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். ரிஸ்னாவுக்கு விளங்கிவிட்டது. ஆள் போதாது.

வேலிக்கு மேலால் அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டிருக்கிறாள். செய்தி எப்படி ஹாஜியார் வீட்டுக்குப் போனதோ தெரியாது. அடுத்த மத்தியானம் அவருடைய மனைவி வேனில் வந்து இறங்கினாராம். தன் வீட்டு அடுப்பை விட்டுவிட்டு, முழங்கால் வலியோடு, பாயில் குந்துவதற்காக. அதன் பிறகு யாரோ ஒருவர் வர முடியாவிட்டால் இன்னொருவர். வட்டம் உடையவில்லை.

நான் வார்ட்டில் குழாய்களோடு கிடந்தேன். மத்தியானம் போன் வரும். ஊசி வலித்ததா, டொக்டர் என்ன சொன்னார் என்ற விசாரிப்பெல்லாம் பிறகுதான்.

"இண்டைக்கும் ஆறு பேர் குந்தினோம். திண்டுட்டா" என்பாள் ரிஸ்னா.

பக்கத்துக் கட்டில்காரர், நல்ல செய்தியா என்று சிங்களத்தில் கேட்டார். மகள் சோறு சாப்பிட்டுவிட்டாள் என்றேன். இதற்கா இந்த மனிதன் அழுகிறான் என்று அவர் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னாரிலிருந்து வந்து இறங்கிய குடும்பம் எங்களுடையது. நான் அப்போது பள்ளிக்கூடப் பையன். நீங்கள் யார், எத்தனை நாள் இருப்பீர்கள் என்றெல்லாம் கேட்பதற்கு முன்னால் இந்த ஊர் எங்கள் முன்னால் சோற்றை வைத்தது. அது அந்தக் காலம், அந்த மனிதர்கள் என்று நானே இந்தப் பத்தியில் பெருமூச்சு விட்டு எழுதியிருக்கிறேன். எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

அடைத்த இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்து அனுப்பிவிட்டார்கள். வந்த மறுநாள் என்னைப் பார்க்க ஹாஜியாரும் கலியாண வீட்டு வட்டத்து ஆட்களும் வந்தார்கள். என் மச்சானும் இருந்தார். ரிஸ்னா ஹோலில் சஹனை வைத்தாள். ஹனா போய்த் தன் இடத்தில் குந்தினாள். எண்ணிப் பார்த்தேன், ஆறு பேர். நான் ஏழாவது. நோயாளிக் கஞ்சியோடு கதிரையில் உட்கார்ந்திருந்தேன். இத்தனை நாளும் நானில்லாமல் முடியாது என்று நினைத்தவன் அல்லவா? முடிந்திருக்கிறது. அந்தக் கஞ்சி தொண்டையில் இறங்கும்போது சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் கசப்பாகவும் இருந்தது.

ஹனா கோடு கிழித்தாள். மூலையில் வெற்றிடம் செய்தாள். பிறகு எழுந்து வந்து என் சேட்டு நுனியைப் பிடித்து இழுத்தாள். இழுத்துக்கொண்டு போய்த் தன் பக்கத்தில் இருத்தி, என் கையை எடுத்து அந்த வெற்றிடத்தில் வைத்தாள். ஒன்றுமில்லாத இடத்தில்.

"ஏழு பேர் சஹன்ல இல்லையே" என்று மச்சான் முணுமுணுத்தார்.

"சட்டம் போட்டவளே சொல்றாள். நீங்க பேசாமத் திங்குங்க" என்றார் ஹாஜியார்.

அவள் தன் பங்கிலிருந்து கொஞ்சம் சோற்றை என் விரல்களுக்குப் பக்கத்தில் தள்ளினாள். கொஞ்சம்தான். இறைச்சி இல்லை, கறி இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் என் கை எதிர்ப்பக்கத்து மாட்டிறைச்சித் துண்டை நோக்கிப் போனது. பட்டென்று விழுந்தது ஓர் அடி.

அன்று அரை மணி நேரம் விளக்கிய டொக்டருக்கு ஒரு வார்த்தை: அப்போது விளங்கவில்லை, இப்போது விளங்கிவிட்டது.