இடக்கையால் எறிந்த அக்கா

அக்கா இல்லாத ஓர் ஆண்டைக் கடந்து வந்துவிட்டோம். இன்று திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலருக்கு, பாடகர் குழுவின் பின்வரிசையில் நின்ற உயரமான பெண்மணியாகவே அவரைத் தெரியும். அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வட்டு எறிந்த வீராங்கனை. அதை எழுதிவைக்கத் தம்பியாகிய என்னை விட்டால் வீட்டில் வேறு ஆள் இல்லை.

அக்கா பிறந்தது மயிலாப்பூரில், கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வாடகை வீட்டில். அப்பா ஓவிய ஆசிரியர். எட்டாம் வகுப்பிலேயே அப்பாவின் உயரத்தை எட்டிவிட்ட அக்காவின் கையில், உடற்பயிற்சி ஆசிரியை ஒரு கிலோ எடையுள்ள வட்டைக் கொடுத்தார். முதல் முறை அது பக்கவாட்டில் பறந்து பள்ளியின் தண்ணீர்க் குழாயை உடைத்தது. அதற்காக அப்பாவை வரவழைத்துக் கண்டித்த அதே தலைமை ஆசிரியை, மறு வருடம் மேடையில் அக்காவுக்குக் கோப்பை கொடுத்தார்.

போட்டிகள் பெரும்பாலும் ஞாயிறன்று வரும். முதல் பூசையைத் தவறவிடக் கூடாது என்பது மட்டுமே அப்பாவின் நிபந்தனை. பாவாடைக்குள் விளையாட்டுக் கால்சட்டை அணிந்தபடி நற்கருணை வாங்கிவிட்டு, அக்கா பேருந்தைப் பிடிக்க ஓடுவார்.

என் பள்ளியில் பையன்கள் அக்காவின் தோள்களைச் சொல்லி என்னைக் கேலி செய்தார்கள். என்னை அழைத்துப்போகப் பள்ளி வாசலுக்கு வர வேண்டாம் என்று ஒருநாள் அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் காரணம் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து தெருமுனையில் நின்றார். அவர் இருந்தபோது நான் இதற்கு மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

பிறகு விளையாட்டு ஒதுக்கீட்டில் தி.நகரில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் பயிற்சி. ஏன் திருமணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டவர்களுக்கு அக்கா பதில் சொன்னதில்லை, நானும் சொல்லப்போவதில்லை.

அவருடைய பதக்கங்களில் பெரும்பாலானவை வெள்ளி. ஆதம்பாக்கத்திலிருந்து வரும் திருமதி மல்லிகா ஒவ்வொரு முறையும் ஒரு கை நீளமாவது முந்திவிடுவார். ஒருமுறை வெளிநாட்டுப் போட்டிக்கான தேர்வில் ஒருவருக்கு மட்டுமே இடம். கடைசி வாய்ப்பில், அதுவரை எறிந்திராத தூரத்துக்கு அக்கா எறிந்தார். அடுத்து வந்த மல்லிகா அதையும் தாண்டினார். அன்று அக்கா சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். மறுநாள், போகிற ஊரில் குளிருமே என்று தம் ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு ஆதம்பாக்கம் போனார். அவர்கள் நட்பு அன்று தொடங்கியது.

நாற்பத்தாறாம் வயதில் அக்காவுக்கு வலது மார்பில் புற்றுநோய் வந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு வலக்கை வீங்கியது. அந்தக் கையால் இனி பாரம் தூக்கக் கூடாது என்றார் மருத்துவர்.

"ஒரு கிலோதான் டாக்டர்" என்றார் அக்கா.

"அந்தக் கையால வேண்டாம்மா."

சில மாதம் கழித்து ஒரு காலையில், கூடத்தில் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு அக்கா இடப்பக்கத்துக்குப் பதில் வலப்பக்கமாகச் சுழன்றுகொண்டிருந்தார். இடக்கையில் ஒரு சாப்பாட்டுத் தட்டு. விழுந்தால் என்ன ஆகும் என்று கோபித்துக்கொண்டேன்.

"முப்பது வருஷமா ஒரே பக்கம் சுத்திட்டேன்டா. இந்தப் பக்கம் சுத்தினா தலை கிறுகிறுங்குது. பழகிடும்" என்றார்.

அதன்பின் மல்லிகாதான் தினமும் ஸ்கூட்டரில் வந்து அவரை மைதானத்துக்கு அழைத்துப்போனார். இரண்டு வருடம் கழித்து மூத்தோர் போட்டி. அக்காவின் முதல் இரண்டு எறிதல்களும் சுற்றிக் கட்டிய பாதுகாப்பு வலையில் விழுந்தன. மூன்றாவது புல்லில் விழுந்தது. எவ்வளவு என்று கேட்டார். பழைய தூரத்தில் பாதிகூட இல்லை, தயங்கியபடி சொன்னேன். மல்லிகா முதலிடம், அக்கா கடைசி.

"இடது கைக்கு இதான்டா ரெக்கார்டு" என்று சொல்லிச் சிரித்தார். வீடு வரும்வரை அந்தச் சிரிப்பு நிற்கவில்லை.

நோய் எலும்புக்குப் பரவித் திரும்பியபோது அவர் பயப்பட்டார். அதை மறைக்கவும் இல்லை. கடைசி வாரங்களில் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினார். ஒரு காலை, ஜெபமாலை முடிவதற்குள் பிரிந்தார்.

கோயிலில் பெட்டியைத் தூக்க நாங்கள் குனிந்தபோது, மல்லிகா ஐந்து பெண்களோடு வந்து நின்றார். எல்லாரும் அக்காவோடு குண்டும் ஈட்டியும் வட்டும் எறிந்தவர்கள். பெண்கள் தூக்குவது வழக்கமில்லையே என்று பெரியப்பா தயங்கினார்.

"வழக்கம் இல்லதான் பெரியப்பா. அவ இவ்ளோ நாளும் எங்ககூடத்தான் இருந்தா. நாங்க தூக்கினு போறோம்" என்றார் மல்லிகா.

பெரியப்பா வழிவிட்டார்.

அக்காவைப் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், நற்கருணை கொண்டுவந்த பங்குத்தந்தைக்கும், முறை வைத்துக் கஞ்சி அனுப்பிய, எங்கள் தெருவின் அன்பிய ஜெபக்குழுக் குடும்பங்களுக்கும், அலுவலகத் தோழர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்த ஆறு பெண்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்கு இன்றும் தெரியவில்லை. கோயில் வாசலிலிருந்து குழிவரை அவர்கள் ஒருமுறைகூடத் தோள் மாற்றவில்லை.