என் கஞ்சியைப் பற்றிய ஒரு தவறான பதிவு

பிள்ளைகளே, உங்கள் பள்ளிக்கூடத்துத் தீர்மான நோட்டில் என்னைப் பற்றி மூன்று வரிகள் இருக்கின்றன. நான் காய்ச்சிய கஞ்சி புளித்துப்போனது, அதனால் ஒட்டவில்லை, இனிமேல் கவனமாக இருப்பேன் என்று. கையெழுத்தும் என்னுடையதுதான். அந்த மூன்று வரிகளைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். எட்டாவது வரை படித்தவன் எழுதுவது, முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெரியவளுக்குப் பாதி தெரியும். சின்னவன் அப்போது ஒன்றாம் வகுப்பு, அவனுக்கு எதுவும் தெரியாது.

பெரியவள் ஒன்பதாவது படித்த வருடம், சமூக அறிவியல் பாடத்தோடு நம் ஊர் வரலாறு என்று ஒரு மெல்லிய புத்தகம் கொடுத்தார்கள். அதில் ஒரு பத்தி. அந்நிய நாட்டு ராஜா ஒருவன் படையெடுத்து வந்து காஞ்சிபுரத்தைப் பிடித்தான். கோயிலில் இருந்த பொன்னைப் பார்த்தான். பார்த்துவிட்டு எடுக்காமல் கோயிலுக்கே கொடுத்தான். அதைத் தன் மொழியில் அங்கேயே ஒரு தூணில் வெட்டி வைத்துவிட்டுப் போனான். பத்தி அவ்வளவுதான்.

நான் அப்போது பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினர். நான் ஒன்றும் போட்டி போட்டு வரவில்லை. ஒரு கூட்டத்துக்குப் போனபோது நாற்காலி காலியாக இருந்தது, உட்கார்ந்தேன், உறுப்பினராகிவிட்டேன்.

அந்தப் பத்திக்காக இரண்டு கட்சிக்காரர்கள் ஒரே நாளில் பள்ளிக்கு வந்தார்கள். தெருவில் எதிரெதிரே வந்தால் ஆளுக்கொரு ஓரமாக ஒதுங்கிப் போகிறவர்கள்.

முதலாமவர் சொன்னார்: "நம்ம ராஜா தோத்துட்டாருன்னு பசங்களுக்குப் பாடம் நடத்துவீங்களா?"

"தோத்தது நெஜந்தானுங்களே" என்றார் ஹெட்மாஸ்டர்.

"நெஜமா இருந்தா? உங்க வீட்டுச் சண்டைல நீங்க தோத்தத எல்லாம் போர்டுல எழுதிக்கினு இருப்பீங்களா?"

ஹெட்மாஸ்டர் யோசித்துவிட்டு, எழுத மாட்டேன் என்றார்.

இரண்டாமவருக்குத் தோற்றதில் வருத்தமில்லை. "அது போவட்டும் சார். நம்ம கோயில் தூணுல வேற பாஷைல எழுதிட்டுப் போயிருக்கான். அத பெருமையா அச்சடிச்சிருக்கீங்க. நாளைக்கு அவங்க ஆளுங்க வந்து தூணு எங்களுதுன்னு சொன்னா இன்னா பண்ணுவீங்க?"

வரலாறு டீச்சர் அந்த அறையில்தான் இருந்தார். ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருகிறவர். "ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு மேல ஆவுது சார். இன்னும் யாரும் கேட்டு வரல" என்றார்.

இருவரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஒரு பார்வையில் இரண்டு கட்சிக்கும் ஒற்றுமை வந்துவிட்டது. பத்தியை மறைக்க வேண்டும் என்று சேர்ந்து சொன்னார்கள். ஒரே கடையில் டீ சொல்லிக் குடித்தார்கள். ஹெட்மாஸ்டர் மேலே போன் போட்டார். முடிவு சொல்லும் வரை தாள் ஒட்டி வையுங்கள் என்று பதில் வந்தது. எழுத்தில் எதுவும் வரவில்லை.

"ஒட்றதுக்குப் பசை?" என்று கேட்டுவிட்டு ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்தார். "நீங்க கஞ்சி போடுறவருதானே?"

நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். விடியும்போது தெரு நீளத்துக்குப் பாவு நூலை இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சியைத் தடவிக் காயவிடுவேன். நம் தெருவில் பாதி வீட்டுப் பாவுக்கு என் கஞ்சிதான். பெருமைக்குச் சொல்லவில்லை, கேட்டுப் பாருங்கள். கஞ்சி போட்ட நூல் விறைத்து நிற்க வேண்டும். ஆனால் ஒரு நூல் பக்கத்து நூலோடு ஒட்டக் கூடாது. ஒட்டினால் தறியில் அறுந்து உயிரை வாங்கும். இருபது வருடமாக ஒட்டாத கஞ்சி காய்ச்சியே என் கை பழகியிருந்தது.

பசை காய்ச்சச் சொன்னார்கள். என் கை அதற்குத் தெரிந்ததைக் காய்ச்சியது. அடுப்பு முன்னால் நின்றபோது இது எனக்குத் தோன்றவே இல்லை. வடிகட்டி, பதம் பார்த்து, பானையோடு தூக்கிக்கொண்டு போனேன்.

சனிக்கிழமை நூற்றுச் சொச்சம் புத்தகங்களுக்கு ஒட்டினோம். டீச்சர் ஸ்கேல் வைத்து வெள்ளைத் தாளை நேராக வெட்டிக் கொடுத்தார். நானும், குழுவில் இருந்த மேல்வீட்டு நெசவாளியும் தடவித் தடவி ஒட்டினோம். காய்ந்ததும் தாள் கஞ்சி போட்ட சட்டைக் காலர் மாதிரி நின்றது. எனக்குத் திருப்தியாகவே இருந்தது.

செவ்வாய்க்கிழமைக்குள் எல்லாத் தாளும் கையோடு வந்துவிட்டது. கிழியாமல், முழுசாக. பிள்ளைகள் அதை எடுத்து, பத்தியைப் படித்து, திரும்ப அதே இடத்தில் வைத்து மூடினார்கள். அந்தப் புத்தகத்தில் வேறு எந்தப் பக்கத்தையும் யாரும் அவ்வளவு ஒழுங்காகப் படித்ததில்லை. பெரியவளே, நீ இட்லி தின்றுகொண்டே அதை ஒப்பித்தாய். "டீச்சர் நடத்துனாங்களாம்மா?" என்று கேட்டேன். "இல்லப்பா. தாள் ஒட்டுன எடத்த நடத்த மாட்டேன்னுட்டாங்க" என்றாய்.

முதலாம் கட்சிக்காரரின் பெண்ணும் அதே வகுப்பு. அவளும் வீட்டில் ஒப்பித்திருக்கிறாள். மறுவாரம் விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். டீச்சர்தான் பிள்ளைகளைத் தாளைப் பிரிக்கச் சொன்னார் என்று புகார். உண்மை என்று ஆனால் டீச்சருக்கு மாற்றல். கணக்கு வாத்தியார் மாறிப்போன இடம் இரண்டு வருடமாகக் காலி. வரலாற்றுக்கும் அப்படி ஆனால், நீ பத்தாவதை டீச்சர் இல்லாமல்தான் எழுத வேண்டும். கேள்வி கேட்டதற்காக உன்னை உட்கார வைக்காத ஒரே டீச்சர் அவர்தான் என்று நீயே என்னிடம் சொல்லியிருந்தாய்.

அதிகாரி ஒரு தாளை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஒரு ஓரம்கூட கிழியல. தெரிஞ்சவங்க யாரோ தண்ணி தொட்டு பக்குவமா எடுத்திருக்காங்க."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எழுந்தேன். "சார், யாரும் எடுக்கல. அது கஞ்சி. நல்ல கஞ்சி ஒட்டாது சார்."

"ஒட்டாதுன்னு தெரிஞ்சேதான் போட்டீங்களா?"

"காய்ச்சும்போது தோணல சார்."

"இருபது வருஷமா இதே வேலை, தோணலையா? இந்தக் கஞ்சியப் போடுங்கன்னு யாரு சொன்னது? டீச்சரா?"

நான் உண்மையைச் சொல்லச் சொல்ல அது டீச்சர் பக்கமே போய்க்கொண்டிருந்தது.

"கஞ்சி கெட்டுப்போச்சு சார்" என்றேன். "புளிச்சிடுச்சு. என் தப்புதான்."

அதிகாரி முகம் தெளிந்துவிட்டது. புளித்த கஞ்சி என்றால் எல்லாருக்கும் புரிகிறது. "அத எழுதிக் குடுங்க" என்றார்.

மேல்வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். "இன்னாபா சொல்ற? உன் கஞ்சியா புளிச்சிது? அன்னிக்கு மீந்தத என் பாவுக்கு..."

"உட்காருபா" என்றேன். அந்த அளவு சத்தமாக நான் அவரிடம் பேசியதே இல்லை. உட்கார்ந்தார்.

நோட்டில் எழுதினேன். வெளியே வந்தபோது டீச்சர் வராந்தாவில் நின்றிருந்தார். "நெஜமாவே புளிச்சிடுச்சுங்களா?" என்று கேட்டார். "ஆமாம்மா" என்றேன். இல்லை என்று சொன்னால் அவர் அந்த நிமிடமே உள்ளே போய்ச் சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர். உன்னிடமும் அதனால்தான் புளித்தது என்றே சொன்னேன். நீ இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை, பள்ளியில் உன்னைப் புளிச்ச கஞ்சி என்று கூப்பிட்டார்களாம்.

டீச்சர் மாறவில்லை. நீ பத்தாவதில் வரலாற்றில் தேறினாய். முடிவு இன்னும் மேலேயிருந்து வரவில்லை. அடுத்த தடவை ஒட்டுவதற்கு என்னைக் கூப்பிடவில்லை, கடைக் கோந்து வாங்கினார்கள். அது நன்றாகவே ஒட்டியது. பிரித்தால் பத்தியோடு, அதன் பின்பக்கத்தில் இருந்த ஏரிகளின் படமும் கூடவே கிழிந்து வந்தது. இப்போதைய பிள்ளைகளுக்கு ராஜாவும் தெரியாது, ஏரியும் தெரியாது.

தெருவில் மூன்று வீட்டுக்காரர்கள் பாவுக்குக் கஞ்சி போட ஓரிக்கை ஊர் ஆளிடம் கொடுக்கத் தொடங்கினார்கள். டீக்கடையில், "அண்ணன் டீய மோந்து பாத்துக் குடுப்பா, அவருக்குப் புளிச்சிது தெரியாது" என்பார்கள். உங்கள் அம்மாவுக்கு மட்டும் முதல் நாளே தெரியும். பானையை மோந்து பார்த்துவிட்டு, "எந்த ஊர்லங்க இது புளிச்சிது?" என்று கேட்டாள். சொன்னேன். "ஒட்டக் கூடாதத ஒட்டாம வச்சிருக்கீங்க, அதுக்குத் தப்புன்னு எழுத்து வேற" என்றுவிட்டுப் பானையைக் கழுவப் போனாள்.

நோட்டு ஹெட்மாஸ்டர் அறை அலமாரியில் பூட்டி இருக்கிறது. நான் போன பிறகும் இருக்கும். அதில் எழுதியிருப்பது பொய் என்பதற்கு என்னிடம் ஒரு சான்றுதான் உண்டு. மேல்வீட்டுக்காரர் சொல்ல வந்தது சரி. அன்று மீந்த கஞ்சியை அதே பானையிலிருந்து அவர் பாவுக்குத்தான் போட்டேன். அந்தப் பாவில் மூன்று சேலை வந்தது. கரை நிறம் சரியில்லை என்று கடைக்காரர் ஒன்றைத் திருப்பிவிட்டார், அதுதான் நம் வீட்டுக்கு வந்தது. பீரோவில் மேல்தட்டில், மஞ்சள் துணியில் சுற்றியிருக்கிறது. அம்மா தூங்கும்போது எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நூலோடு நூல் ஒட்டியது ஒரு இடம்கூட இருக்காது, புளித்த கஞ்சியில் அப்படி ஒரு சேலை வராது. பார்த்துவிட்டு அதே மடிப்பில் மடித்து வையுங்கள், அவளுக்குத் தெரிந்துவிடும்.