எங்கள் கீப்பருக்காக நான் பேசியது

ஐந்தருவிக்குக் கிளம்பும்போது எங்கள் அணியில் யாராவது துண்டை மறப்பார்கள், மாற்றுச் சட்டையை மறப்பார்கள். எண்ணெய்ப் பாட்டிலை மட்டும் யாரும் மறந்ததில்லை. சாரல் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை கால்பந்து ஆட்டம் முடிந்ததும், ஜெயித்தாலும் தோற்றாலும், தென்காசியிலிருந்து பைக்கில் நேராகக் குற்றாலம்தான். அருவிக்குக் கொஞ்சம் தள்ளிப் படிக்கட்டில் ஒருவன் பின்னால் ஒருவனாகப் பதினொரு பேரும் உட்காருவோம். ஒவ்வொருவனும் தனக்கு முன்னால் இருப்பவனின் முதுகுக்கு எண்ணெய் தேய்க்க வேண்டும். கேப்டனான என் முதுகு ஆறு வருஷம் எங்கள் கீப்பரின் கையில்தான் இருந்தது. பந்தைப் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கை. "மெதுவாலே, தோலு உரியுது" என்று நான் கத்துவேன். "கேப்டனுக்குக் கொழுப்பு ஏறிட்டு, அதைக் கரைக்குதேன்" என்பான் அவன். வாராவாரம் இதே பேச்சு, வாராவாரம் எல்லோரும் சிரிப்பார்கள்.

அவன் பெயரைச் சொல்லி நாங்கள் கூப்பிட்டதே இல்லை. ஊருக்கே அவன் கீப்பர்தான். எங்களில் மற்றவர்கள் ஏதோ ஆடினோம். அவன் ஒருவன்தான் உண்மையான ஆட்டக்காரன். அடிக்கிறவன் காலைத் தூக்கும்போதே பந்து எங்கே வரும் என்று தெரிந்து அங்கே நிற்பான். கேரளத்தில் ஒரு தொழில்முறை அணி அவனைத் தேர்வுக்கு அழைத்தபோது நாங்கள் யாரும் ஆச்சரியப்படவில்லை. அவனுக்கு அப்போது இருபத்தைந்து முடியப்போகிறது. இது தவறினால் இன்னொரு அழைப்பு வராது என்று அவனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

தேர்வுக்குப் போவதற்குச் சில வாரங்கள் முன்பு ஒரு சாயங்காலம், பயிற்சி முடிந்ததும் அவன் எங்களை உட்காரச் சொன்னான். குத்துக்கல்வலசைப் பக்கம் பிளாட் போட்டு விற்காமல் கிடந்த இடம்தான் எங்கள் மைதானம். கையுறையைக் கழற்றாமலே நின்றுகொண்டு சொன்னான். "எனக்குப் பொம்பளையாளுக மேல நாட்டம் கிடையாதுலே. ஆம்பளையத்தான் பிடிக்கும். 'கே'ன்னு சொல்லுதாங்கள்ல, அதான் நான். யாரோ சொல்லி நீங்க தெரிஞ்சிக்கிடதுக்கு நானே சொல்லிட்டேன்." கேப்டன் என்கிற முறையில் நான்தான் எழுந்தேன். "கீப்பரு நமக்கு எப்பவும் கீப்பருதான். இதுல என்னலே இருக்கு?" என்றேன். எல்லோரும் அவன் தோளைத் தட்டினார்கள். எவ்வளவு பெரிய மனசு நமக்கு என்று வீடு போய்ச் சேரும்வரை நினைத்துக்கொண்டே வண்டி ஓட்டினேன். இப்போது அதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவியில் வரிசை அமையவில்லை. யாரும் பேசி வைத்துக்கொண்டு செய்ததல்ல. ஒருவனுக்குச் சளி, ஒருவனுக்கு எண்ணெய் ஒத்துக்கொள்ளாது, இரண்டு பேர் அவசரமாகத் தண்ணீருக்குள் ஓடிவிட்டார்கள். கீப்பர் தன் வழக்கமான படியில் பாட்டிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்கு முந்திய படி என்னுடையது. நான் அதில் உட்கார்ந்திருந்தால் போதும், மற்றவர்களும் வந்திருப்பார்கள். "முதுகுப் பிடிப்புலே, வேல தெரிஞ்ச ஆளு தேச்சாத்தான் சரியாவும்" என்று சொல்லிவிட்டு, கூலிக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவரிடம் போய்ப் படுத்துக்கொண்டேன். பிடிப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. படுத்த இடத்திலிருந்து ஓரக்கண்ணால் பார்த்தேன். அவன் கையை வளைத்துத் தன் முதுகுக்குத் தானே தேய்த்துப் பார்த்தான். எட்டவில்லை. மிச்ச எண்ணெயைத் தலையில் ஊற்றிக்கொண்டு அருவிக்குள் போனான்.

அந்த வாரத்துக்குப் பிறகு எல்லோருமே எண்ணெயை விட்டுவிட்டோம். உடை மாற்றும்போது அவன் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். ஆட்டத்தில் வழக்கம்போல அவனை நம்பித்தான் ஆடினோம்.

கேரளத்தில் தேர்வு அருமையாக நடந்திருக்கிறது. அங்கேயும் அவன் எதையும் மறைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அந்த அணியின் மேலாளர் எனக்குப் போன் செய்தார். தமிழ் பாதி, மலையாளம் பாதியாகப் பேசினார். நல்ல மனிதர். "எனக்கு இந்தப் பையன் வேணும். எங்க ஆளுக கொஞ்சம் தயங்குறாங்க. உங்க டீம்ல எல்லாரும் சாதாரணமாத்தான் இருக்காங்கன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா, அதை வச்சு நான் அவங்ககிட்ட பேசிக்கிறேன்" என்றார். நான், "பிரச்சினை ஒண்ணும் இல்ல சார்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "சமாளிச்சுக்கிடுதோம்" என்று சேர்த்துக்கொண்டேன். அவர், "ரூம்ல, குளிக்கிற இடத்துலயெல்லாம்?" என்றார். "அங்கனயெல்லாம் அவனவன் கொஞ்சம் தள்ளித்தான் இருந்துக்கிடுதான் சார்" என்றேன். அவர் நன்றி சொல்லிப் போனை வைத்துவிட்டார். அந்த இடத்துக்கு வேறு ஒருவனை எடுத்துக்கொண்டார்கள்.

உள்ளதைத்தானே சொன்னேன் என்று வெகுநாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உள்ளதுதான். ஆனால் முதலில் தள்ளிப் போனவன் நான். அதைச் செய்துவைத்துவிட்டு, யாரோ செய்ததுபோல அவரிடம் ஒப்பித்தேன். சொல்லும்போது என் குரலில் கொஞ்சம் பெருந்தன்மை கூட இருந்தது.

இடம் இல்லை என்று தகவல் வந்த அன்று கீப்பர் என் வீட்டுக்கு வந்தான். "உங்கிட்ட பேசுனாங்களாம்லா. என்ன சொன்ன?" என்று கேட்டான். "நல்லபடியாத்தாம்லே சொன்னேன்" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டான். "தெரியும்லே. அதாம் உன் நம்பரக் குடுத்தேன்" என்றான். நான் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, உண்மையைச் சொல்லவும் இல்லை. என் மனைவி கொண்டுவந்த காபியைக் குடித்துவிட்டுப் போனான்.

இப்போது அவன் ஆலங்குளத்தில் ஒரு உரக்கடையில் வேலை பார்க்கிறான். சாயங்காலங்களில் பையன்களுக்குக் கோல் காக்கச் சொல்லிக் கொடுக்கிறான். காலம் மாறித்தான் இருக்கிறது. எங்கோ வெளிநாட்டில் தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவர் தாம் தன்பாலீர்ப்பாளர் என்று அறிவித்தால், எங்கள் பழைய அணியின் வாட்ஸ்அப் குழுவில் இதயமாக வந்து கொட்டுகிறது. நானும் போடுகிறேன். போன மாதம் மேலகரத்தில் நடந்த போட்டியின் இறுதி நாளில், நம் ஊரில் எப்போதோ இதைத் தைரியமாகச் சொன்னவர் என்று இளைஞர்கள் கீப்பருக்குச் சால்வை போட்டார்கள். கூட்டம் நிஜமாகவே மகிழ்ந்து கை தட்டியது. இரண்டாவது வரிசையில் மனைவியோடு உட்கார்ந்து நானும் தட்டினேன்.

மைக்கை வாங்கி அவன் பேசினான். "எங்க காலத்துல இப்படிக் கை தட்ட ஆளில்ல. ஆனா பெரிய டீம்ல இருந்து என்னப் பத்திக் கேட்டப்ப எனக்காகப் பேசுனவன் ஒருத்தன் இருந்தான். எங்க கேப்டன். எடம் கிடைக்கல, அது வேற விஷயம். அந்தா உக்காந்திருக்கான். எந்திரிலே கேப்டன்!"

மைதானமே என் பக்கம் திரும்பியது. மனைவி பெருமையாக என் முழங்கையைத் தள்ளினாள். நான் எழுந்து நின்று, இரண்டு கையையும் கூப்பி, நாலு பக்கமும் கும்பிட்டேன்.