பில் இல்லாத டிஷ் பெட்டி

போன வாரம் மொட்டை மாடிக்குப் போனால், துருப்பிடித்த டிவி டிஷ்ஷை மல்லாக்கப் போட்டு அதில் மோர்மிளகாய் காயவைத்திருக்கிறாள் என் மனைவி. "சும்மாதான கெடக்கு" என்றாள். உண்மைதான். ஒரு காலத்தில் அந்தத் தட்டைத் தொட்டுப் பார்க்கக் கையைத் துடைத்துக்கொண்டு வருவார்கள் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

மோர்மிளகாய் வாசம் என்னைத் தேனியில் நான் வேலை பார்த்த டிவி கடைக்கே கொண்டுபோய்விட்டது. புதுப் பெட்டியைப் பிரித்தால் தெர்மாகோலும் பிளாஸ்டிக்குமாக ஒரு வாசம் வரும். முதலாளி வீட்டுத் தயிர்ச்சோறும் மோர்மிளகாயும் மதியம் அதோடு சேர்ந்துகொள்ளும். எனக்கு இருபத்திரண்டு வயது. சேல்ஸ்மேன் என்று பெயர்தான்; பெட்டி தூக்குவது, டிஷ் மாட்டுவது, திட்டு வாங்குவது எல்லாமே நான்.

உத்தமபாளையம் பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் மகளின் கல்யாணச் சீருக்கு டிஷ் வாங்க வந்தார். கட்டில், பீரோவோடு டிஷ்ஷையும் மண்டபத்தில் வைத்து, சபையில் விலையைச் சொன்னால்தான் சீர் என்று ஆகிவிட்ட காலம் அது. கடை வழக்கப்படி நானும் எடுத்துவிட்டேன்: "பில்லு வேணாம்னா நூறு ரூவா கொறையும்ணே." கல்யாணச் செலவில் கிடக்கிறவருக்கு நூறு ரூபாய் பெரிசுதானே. சரி என்றுவிட்டார். பஸ்ஸில் பெட்டியைக் கீழே வைக்க மனசில்லாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு போனார்.

கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டு மாடியில் நான்தான் போய் மாட்டிவிட்டு வந்தேன். பத்து நாள்கூட ஆகவில்லை, விலை பாதிக்கும் கீழே விழுந்துவிட்டது. புதுசாக ஒரு கம்பெனி வந்துவிட்டதாம். பேப்பரில் பக்கம் முழுக்க விளம்பரம், கடை வாசலில் கூட்டம்.

மறுநாள் காலையில் மாப்பிள்ளையின் அம்மா வந்து இறங்கினார். பின்னாலேயே புதுப்பெண், கையில் கழற்றி எடுத்த டிஷ் பெட்டி. தாலிக் கயிற்றின் மஞ்சள்கூட வெளுக்கவில்லை. அந்தம்மா பேப்பரை மேஜையில் விரித்தார்.

"இந்த வெலைக்கு வாங்கிட்டு, சபையில ரெண்டு மடங்கு சொல்லியிருக்காக. போன மாசமே இந்த வெலதான்னு தெருவுல அம்புட்டுப் பேரும் சொல்றாக. எங்களக் கேணச் சிறுக்கின்னு நெனச்சாகளா?"

"இல்லத்தே, அப்ப வெல சாஸ்தி. பில்லு வாங்கல, அம்புட்டுத்தான்" என்ற அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நீங்கதான வந்து மாட்டுனீக. எங்கப்பா எம்புட்டுக் குடுத்தாகன்னு சொல்லுங்கண்ணே."

"சொல்லட்டும். இல்லேன்னா இவ அப்பன் வீட்டுலயே கெடக்கட்டும்" என்றார் மாமியார்.

வரி அதிகாரிகள் கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்த வாரம் அது. கடைக்குள் முகம் தெரியாத நாலு பேர் நிற்கிறார்கள். முதலாளி என் காதோரம் வந்தார். "பில்லு போடாம வித்தோம்னு நீயே சாட்சி சொல்லப்போறியா? சொல்லிட்டு அப்படியே வீட்டுக்குப் போயிரு."

அந்தப் பெண் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். விலையைச் சொல்ல அரை நிமிடம் போதும்.

"எனக்கு ஞாபகம் இல்லம்மா" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். மாமியார் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனார். அவள் தனியாக, உத்தமபாளையம் பஸ் நிற்கிற பக்கம் நடந்தாள்.

அவளைத் திரும்பக் கூட்டிக்கொண்டார்களா, தெரியாது. விசாரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. எத்தனையோ தடவை உத்தமபாளையம் வழியாகப் போயிருக்கிறேன், ஜன்னலோரம் உட்காரமாட்டேன். நான் காப்பாற்றிக்கொண்ட வேலையும் இரண்டு வருஷம்தான். கடையை மூடிவிட்டார்கள், அங்கே இப்போது செருப்பு விற்கிறார்கள். டிஷ்ஷைச் சீராக வைக்கிறவர்களும் இல்லை. ரீசார்ஜ் பண்ணினால் பெட்டி சும்மாவே வருகிறது.

மூவாயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய்மா. நூறு குறைத்தது போக. அன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருந்தது.