ரவுண்டானா அக்காவின் சைஸ்

"இடது பக்கம் ஆஸ்பத்திரி வளைவு வருதும்மா, நல்லா ஒடி!" என்று ஜவுளிக்கடையில் உடை மாற்றும் அறைக்கு வெளியே நின்று குரல் கொடுக்கிறார் அக்காவின் வீட்டுக்காரர். உள்ளே தொம்மென்று முழங்கை பலகையில் இடிக்கும் சத்தம். "ஒடிக்க வரலங்க, தோள்ல பிடிக்குது" என்கிறாள் அக்கா. "அப்ப அதைக் கழட்டிடு. அடுத்ததைப் போட்டுக்கிட்டு மறுபடியும் டிப்போலேர்ந்து கிளம்பு." வரிசையில் காத்திருக்கும் பெண்கள் கதவுக்கு அடியில் குனிந்து பார்க்கிறார்கள். ஒரு முக்காலியின் முன்னால் இரண்டு கால்கள், அங்கே இல்லாத கிளட்ச்சையும் பிரேக்கையும் மும்முரமாக மிதித்துக்கொண்டிருக்கின்றன.

அக்காவுக்கு பஸ் ஓட்டுவது வேலை. டிப்போவில் பெண் டிரைவர் அவள் ஒருத்திதான். வீட்டுக்காரர் முடி வெட்டுகிறவர். அவள் ஓட்டும் ரூட் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். எந்த உடுப்பானாலும் முழு ரூட்டையும் ஓட்டிப் பார்க்காமல் அக்கா வாங்கமாட்டாள். கண்ணாடி முன்னால் நின்று இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்ப்பதில் அவளுக்குத் துளியும் நம்பிக்கையில்லை. "நின்னா எல்லாத் துணியும் நல்லாத்தான் நடிக்கும். உக்காந்து ஸ்டியரிங்கைப் பிடிச்சாத்தான் சாயம் வெளுக்கும்" என்பாள்.

அவள் பீரோவைத் திறந்தால் ஒரு கூட்டுக் குடும்பமே குடியிருப்பதுபோல் இருக்கும். ஸ்மால் இருக்கிறது, மீடியம் இருக்கிறது, லார்ஜ், டபுள் எக்ஸெல் எல்லாம் இருக்கிறது. எல்லாம் அக்காவுடையவை, எல்லாமே அவளுக்குச் சரியாக இருப்பவை. "கீழ மீடியம், மேல டபுள் எக்ஸெல். நடுவுல நான் எங்கதாங்க போனேன்?" என்று காலையில் கிளம்பும்போது கேட்பாள். ஃப்ரீ சைஸ் என்று யாராவது நீட்டினால் மட்டும் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிடும். "ஃப்ரீ சைஸ்னா கைகழுவிட்டாங்கன்னு அர்த்தம்!"

ஆரம்பத்தில் தப்பு தன் உடம்பின் மேல்தான் என்று பாவம், அவளும் நம்பியிருக்கிறாள். ஒரு கடையில் டபுள் எக்ஸெல் என்று சொல்லிவிட்டார்கள். அன்று ராத்திரி சாப்பாட்டை நிறுத்தினாள். மறுநாள் எதிர்க்கடையில் மீடியம் என்றார்கள். விட்ட சாப்பாட்டையும் சேர்த்துச் சாப்பிட்டாள். அதற்கப்புறம் வந்ததுதான் இந்த ரூட் ஓட்டிப் பார்க்கும் வழக்கம்.

அந்த வழக்கத்துக்கு வழியில்லாமல் செய்தது கம்பெனி. எல்லா டிரைவர்களுக்கும் புதுச் சீருடை வந்தபோது, பெண்களுக்கென்று தனியாகத் தைத்த சட்டை ஒன்று அக்காவுக்கும் வந்தது. வண்டி எடுக்கும் நேரத்தில் டிப்போ சூப்பர்வைசர் அதைக் கையில் திணித்தார். "லார்ஜ்மா. போட்டுக்கிட்டு ஏறுங்க." டி-ஷர்ட்டுக்கு மேலேயே மாட்டிக்கொண்டு ஏறினாள். இடது கை உள்ளே இன்னொருத்தியும் கை விடலாம் போல் தொளதொளவென்றிருந்தது. வலது கையோ உறை மாதிரி இறுகிக்கொண்டது. ஒரே சட்டை, ஒரே லார்ஜ். முதல் வளைவில்தான் விபரீதம் புரிந்தது. ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்ப முடிந்தது. இடப்பக்கம் திருப்ப வலது கை குறுக்கே வரவேண்டும். அது கக்கத்தைத் தாண்டி வர மறுத்துவிட்டது. கழற்றிப் போடலாமென்றால், சீருடையில்லாமல் ஓட்டக் கூடாதென்று அன்றைக்குத்தான் புது உத்தரவு.

என்ன செய்வாள்? அன்று முழுவதும் அக்கா வலப்பக்கமாகவே திரும்பினாள். இடது பக்கம் போகவேண்டிய இடத்தில் நேராகப் போய், வலது, வலது, இன்னொரு வலது என்று சுற்றி அதே தெருவுக்கு வந்து சேர்ந்தாள். பயணிகள் ஊரில் பார்க்காத தெருவெல்லாம் பார்த்தார்கள்.

"அக்கா, என் வீடு பின்னால போகுதுக்கா!" என்றாள் ஒரு பெண்.

"போகட்டும். சுத்திட்டுத் திரும்ப வரும்" என்றாள் அக்கா. அப்படியே வந்தது. ஒரு பெரியவருக்கு இந்தச் சவாரி பிடித்துப்போய், இறங்காமல் இன்னொரு நடை உட்கார்ந்திருந்தார். ரவுண்டானா அக்கா என்ற பெயர் சாயங்காலத்துக்குள் டிப்போ முழுக்கப் பரவிவிட்டது.

சூப்பர்வைசருக்குச் சிரிப்பு வரவில்லை. "நாளைக்குக் காலைல ஒழுங்கா லெஃப்ட் எடுக்கணும். இல்லேன்னா டிக்கெட் கவுண்டர்ல உக்காருங்க." வேறு சட்டை கேட்டாள், இல்லை. தையல் பிரித்துக்கொள்ளட்டுமா என்றாள். "கம்பெனி சொத்தும்மா அது. கத்திரி படக்கூடாது." கவுண்டர் என்ற வார்த்தையைக் கேட்டு அக்கா பயந்துவிட்டாள். அத்தனை பெரிய வண்டி தன் கைக்கு வளைவதைப்போல் ஒரு சந்தோஷம் அவளுக்கு உலகத்தில் வேறில்லை. வீட்டுக்காரர் அன்று அவள் வலது தோளுக்கு எண்ணெய் தேய்த்து உருவிவிட்டார், தோள் சுருங்கும் என்ற நம்பிக்கையில்.

சுருங்கவில்லை. காலையில் வண்டியில் பயணிகள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். அக்கா வாசற்படியில் நின்று கெஞ்சினாள். "கை வர மாட்டேங்குது சார், நம்புங்க."

"லார்ஜ்னா லார்ஜ்தான்மா. நானும் லார்ஜ்தான். கொடுங்க, போட்டுக் காட்டுறேன்."

அக்கா கழற்றிக் கொடுத்தாள். அவர் தன் சட்டைக்கு மேல் அதை மாட்டினார். இடது கை சுலபமாகப் போனது. வலது கையை உள்ளே அனுப்ப மூச்சைப் பிடித்து, பல்லைக் கடித்து, கம்பியில் முதுகை முட்டுக்கொடுத்து ஒருவழியாக ஜெயித்தார். டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். முகம் சிவந்திருந்தது. "பாத்தீங்களா? கச்சிதம்."

"லெஃப்ட் எடுங்க சார்" என்றாள் அக்கா.

நேற்று இறங்காமல் உட்கார்ந்திருந்த பெரியவர் முன்சீட்டிலிருந்து எழுந்து நின்று பார்த்தார். சூப்பர்வைசர் மானத்தைக் காப்பாற்ற இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து ஒரே மூச்சில் இடப்பக்கம் ஒடித்தார். டர்ரென்று ஒரு சத்தம். வலது கக்கத்திலிருந்து விலா வரைக்கும் சட்டை வாயைப் பிளந்துகொண்டது.

அவர் மெல்ல இறங்கி, கம்பெனி சொத்தைக் கழற்றி, யாரையும் பார்க்காமல் நீட்டினார். அக்கா அதை வாங்கி மாட்டிக்கொண்டாள். கையைத் தூக்கினாள், இறக்கினாள், குறுக்கே கொண்டுவந்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"கத்திரி படல சார். நீங்களே சாட்சி."

அவர் வாயைத் திறப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. வாசலில் இடது பக்கம் அழகாக ஒடித்து ரோட்டில் சேர்ந்ததும் அக்கா ஜன்னல் வழியாக வலது கையை வெளியே நீட்டி, தோளிலிருந்து முழுசாக வீசி, அவருக்கு டாட்டா காட்டினாள்.