பதினான்காவது ஊற்று

பேய், ஆவி, சகுனம் எதையும் நான் நம்பியதில்லை. கணினி படித்தவள், எதையும் வரிசைப்படி எழுதிச் சரிபார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். இதையும் நடந்த வரிசையிலேயே சொல்கிறேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

கல்வராயன் மலையிலுள்ள ஊற்றுகளை வரைபடத்தில் ஏற்றும் வேலை எங்களுக்கு. எல்லா ஊற்றுக்கும் நடந்துபோக முடியாது என்பதால், சின்னசேலத்துத் தேவிகா அக்கா ஸ்கூட்டியில் மலையேறி, அங்குள்ளவர்கள் வாயால் சொல்லும் அடையாளங்களை நோட்டில் எழுதி, பக்கத்தைப் படமெடுத்து அனுப்புவார். நான் சங்கராபுரத்தில் வீட்டிலிருந்தபடி இணையத்தில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, முதலில் சாலை, அடுத்து வளைவு, அப்புறம் மரம் என்று தேடி, அட்டவணையில் அட்சரேகை, தீர்க்கரேகை குறிப்பேன். கடைசிக் கட்டம் பிழைத் தூரம், அதாவது நான் வைத்த புள்ளி எத்தனை மீட்டர் தள்ளியிருக்கக்கூடும் என்பது. 'கூப்பிடு தூரம்' என்று எழுதியிருந்தால் இருநூறு போடுவேன். எவ்வளவு தெளிவான இடமானாலும் பத்துக்குக் குறைத்துப் போட்டதில்லை.

போன ஐப்பசியில் ஒரு காலை, முந்தின நாள் மாலை வந்த பக்கத்தை எடுத்தேன். பதிமூன்று ஊற்றுகள் ஒழுங்காக அமைந்தன. பதினான்காவது இப்படி இருந்தது: 'கரியாலூர் தாண்டி மூன்றாவது வளைவு. சிவப்பு வண்டி விழுந்து கிடக்கும். அதற்குக் கீழே இரட்டைக் கடுக்காய் மரம். மரத்தடியில் ஊற்று. கூப்பிட்டால் மேலே கேட்காது.'

எரிச்சலோடு அக்காவை அழைத்தேன்.

"இன்னாக்கா இது, வண்டியப் போயி யாராச்சும் அடையாளமா எழுதுவாங்களா? நாளைக்கு எடுத்துக்கினு பூட்டா?"

"ஏது வண்டி? பதிமூணோட நோட்ட மூடிட்டேன்டி. காலைல சாப்டியா இல்லியா? மலை மேல போய்க்கினு இருக்கேன், தூறல் வேற. வந்து பாக்கறேன், வை."

மூன்று மணிக்கு அவருடைய கணவர் அழைத்தார். மதியமே இறங்கிவிடுகிறேன் என்ற அக்கா வரவில்லை, போனும் கிடைக்கவில்லை. "உன்கிட்ட எதனா சொன்னாளாம்மா?" என்றார். அப்போதுதான் உறைத்தது. அக்காவின் ஸ்கூட்டி சிவப்பு.

அந்த வளைவைத் தேடினேன். இரட்டை மரம் படத்தில் தெரிந்தது. புள்ளி வைத்துவிட்டு, கரியாலூர் டீக்கடைக்காரரை அழைத்தேன். அவர் எண்ணை அக்கா எப்போதோ கொடுத்திருந்தார்.

"மூணாவது வளைவா? இப்பதான் அந்த வழியா வந்தேன், ஒண்ணும் இல்லியேம்மா."

"ரோட்ல இல்லண்ணே, கீழ. ரெட்டைக் கடுக்கா மரம். கொஞ்சம் எறங்கிப் பாருங்கண்ணே, உங்க கால்ல வேணா வுழறேன்."

நாற்பது நிமிடம் கழித்து அவரே அழைத்தார். மூச்சு வாங்கியது. "இருக்காங்கம்மா. உசுரு இருக்குது." வண்டி சரிவில் புதருக்குள் சிக்கிக் கிடந்ததாம். அக்கா மரத்தடியில், கால் உடைந்து, ஊற்றுத் தண்ணீரில் பாதி நனைந்து. "பொறந்ததுலருந்து இங்கதான் கீறேன், இங்க ஒரு ஊத்து இருக்கறதே எனக்குத் தெரியாதும்மா," என்றார்.

மறுநாள் மருத்துவமனையில் அக்காவுக்குக் குரலே இல்லை. நான் வாய் திறப்பதற்கு முன், "நல்ல வேள, நீ வுடாம கேட்டுக்கினே இருந்தடி," என்று கிசுகிசுத்தார்.

"இன்னாக்கா கேட்டேன்?"

"அடையாளம் சொல்லு, அடையாளம் சொல்லுன்னு காதாண்டயே கேட்டியே. நானும் வளைவு, வண்டி, மரம் எல்லாம் சொன்னேனே."

அவர் சொன்னது அந்தப் பக்கத்தில் வார்த்தை மாறாமல் இருக்கிறது. விழுவதற்கு முந்தின மாலையே வந்துவிட்ட பக்கம். கையெழுத்தும் அவருடையதுதான். ஆனால் நோட்டைப் பிரித்துப் பார்த்தோம். பதிமூன்றோடு முடிந்து, மிச்சம் வெள்ளையாக இருந்தது.

இதைக்கூட எப்படியாவது மறந்துவிடலாம். ஒரு வாரம் கழித்து அட்டவணையைச் சரிபார்த்தேன். பதினான்காவது வரிசையில், என் பெயரில், பிழைத் தூரம் பூஜ்யம் என்று இருந்தது. அன்று அவசரத்தில் அந்தக் கட்டத்தை நான் தொடவே இல்லை. பூஜ்யம் போட வேண்டுமென்றால், அந்த இடத்திலேயே நின்றிருக்க வேண்டும்.